பள்ளிச் செய்தி வீடு வந்து சேர: எல்லையோரத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி போன்ற ஊர்களில் தமிழ்வழிப் பிரிவுகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர், ஜூன் மாதம் பள்ளி திறந்தது முதல் மார்ச் தேர்வு முடியும் வரை கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலைத் தாலுகாக்களில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். நான் உயர்நிலை வகுப்புகளில் தமிழ்வழியில் பாடம் நடத்தும் ஆசிரியர். பெற்றோருக்காகவே எழுதுகிறேன், சக ஆசிரியர்களும் படித்தால் மகிழ்வேன்.

பள்ளியில் நடப்பதை எங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறதா, அல்லது அது ஆசிரியரின் நல்ல மனத்தைப் பொறுத்ததா?

விதி இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பெற்றோரையும் பாதுகாவலரையும் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், படிப்பில் கண்டிருக்கும் முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. அந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரையிலான கல்வியைப் பற்றியது. கேரளத்தில் எட்டாம் வகுப்பு உயர்நிலைப் பள்ளியோடு சேர்ந்திருப்பதால், அந்தக் கடமை உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கும் உண்டு. ஒன்பது, பத்து வகுப்புகளைச் சட்டத்தின் அந்த வரி நேரடியாகத் தொடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் எட்டாம் வகுப்புப் பெற்றோருக்குச் சொல்லும் செய்தியைப் பத்தாம் வகுப்புப் பெற்றோருக்குச் சொல்லாமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளையின் வீட்டுக்குத்தான் அது கூடுதலாகத் தேவைப்படுகிறது.

செய்தியை அனுப்பிவிட்டோம் என்பதோடு பள்ளியின் வேலை முடிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. வீட்டில் இருப்பவருக்கு அது புரிந்திருக்க வேண்டும். புரியாததைத் திரும்பக் கேட்க அவருக்கு ஒரு வழியும் இருக்க வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றையும் இந்த எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

சுற்றறிக்கைகள் மலையாளத்தில் மட்டுமே வருகின்றன. தமிழில் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?

கேட்கலாம், தயங்காமல் கேளுங்கள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைமை அலுவலகங்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே கடிதம் எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் இடம் தருகிறது. சட்டத்தின் சொற்கள் அரசு அலுவலகங்களைப் பற்றியவை. இருந்தாலும், தமிழ்வழிப் பிரிவு நடத்தும் ஒரு பள்ளி, அது அரசுப் பள்ளியாயினும் அரசு உதவி பெறும் பள்ளியாயினும், தமிழ்ப் பெற்றோருக்குத் தமிழில் செய்தி தர மறுப்பது எந்த வகையிலும் பொருந்தாது.

பெரும்பாலான பள்ளிகளில் இது வேண்டுமென்று நடப்பதில்லை. துறையிலிருந்து உத்தரவு மலையாளத்தில் வருகிறது; வேலை நெருக்கடியில் அதை அப்படியே பெற்றோர் குழுவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் காரணம் எதுவானாலும் பாதிப்பு பிள்ளைக்குத்தான். ஒரு தந்தை, காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மகன் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். புத்தகம் வாங்கியதற்கான ரசீது என்று நினைத்தாராம். அது கல்விச் சுற்றுலாவுக்கான ஒப்புதல் கடிதம். பிள்ளைக்கு இருக்கும் நோய், சாப்பிடும் மருந்து ஆகியவற்றை எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. அந்தப் பையனுக்கு மூச்சிரைப்பு உண்டு, பையில் எப்போதும் இன்ஹேலர் வைத்திருப்பான். காலியான கட்டத்தைக் கவனித்த கிளாஸ் டீச்சர் வீட்டுக்குப் போன் செய்து கேட்டதால்தான் விஷயம் தெரிந்தது. கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அடுக்கியிருந்தால், மூச்சிரைப்பு உள்ள பிள்ளை அப்படியே மலைப்பாதையில் பேருந்தில் போயிருப்பான்.

முழுச் சுற்றறிக்கையையும் ஒவ்வொரு முறையும் மொழிபெயர்க்க ஆசிரியருக்கு நேரம் கிடைப்பதில்லை. அதனால் மலையாளத் தாளின் தலைப்பகுதியிலேயே நான்கு வரி தமிழில் எழுதச் சொல்லிப் பெற்றோர் கேட்கலாம்: இது எதைப் பற்றியது, எந்தத் தேதிக்குள், பணம் கட்ட வேண்டுமா, கையெழுத்துப் போட்டால் எதற்குச் சம்மதித்ததாக ஆகும். இந்த நான்கும் தெரிந்தால், மீதியை நிதானமாக விசாரித்துக்கொள்ளலாம்.

எங்கள் மகளுக்கு மலையாளம் நன்றாகத் தெரியும். அவளே படித்துச் சொல்லிவிடுகிறாளே, அது போதாதா?

விளையாட்டு விழா, புத்தகம், சீருடை பற்றிய செய்திகளுக்குப் போதும். 2017ஆம் ஆண்டின் மலையாள மொழிச் சட்டத்துக்குப் பிறகு கேரளத்துப் பள்ளிகளில் மலையாளமும் கற்பிக்கப்படுவதால், நம் பிள்ளைகளில் பலர் அம்மா அப்பாவைவிட நன்றாக அந்த மொழியைப் படிக்கிறார்கள். அது நல்ல விஷயம். ஆனால் வருகைக் குறைவு, மதிப்பெண் சரிவு, ஒழுங்கு நடவடிக்கை போன்றவற்றைப் பிள்ளையின் வாய்வழியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பதினான்கு வயதுப் பிள்ளை தன்னைப் பற்றிய குறையைத் தானே வீட்டில் முழுதாகச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. பிள்ளை பாதியை விட்டுவிட்டுச் சொன்னால் அதைப் பொய் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். பள்ளிதான் நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. பிள்ளைக்குத் தெரியாமல் ஆசிரியரும் பெற்றோரும் தனியாகப் பேசி முடிவெடுப்பதும் சரியாக வருவதில்லை. வீட்டுக்கு என்ன சொல்லப்போகிறோம் என்பதைப் பிள்ளையிடம் முதலில் சொல்லிவிட்டு அதன்பின் போன் செய்வதே என் வழக்கம். பிள்ளைக்குப் பயம் குறைகிறது, பேச்சிலும் உண்மை கூடுகிறது.

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே வராது. எனக்கு எப்படிச் செய்தி வரும்?

ஜூன் மாதத்திலேயே கிளாஸ் டீச்சரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வகுப்புக்குச் சிலர் இப்படி இருக்கிறீர்கள். உங்கள் பெயர்களைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டால், எழுத்துச் செய்தியோடு குரல் பதிவும் அனுப்ப முடியும். குரல் பதிவை ஒரு நிமிடத்துக்குள் முடித்து, முதல் வாக்கியத்திலேயே தேதியையும் செய்ய வேண்டியதையும் சொல்லிவிட வேண்டும் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம், நலம், முன்னுரை எல்லாம் முடிந்து விஷயத்துக்கு வருவதற்குள் கேட்பவர் போனை வைத்துவிடுகிறார். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமார், குரல் பதிவை இரண்டு மூன்று முறை போட்டுக் கேட்டு, அடுத்த நாள் காலை பள்ளி வாசலிலேயே வந்து விளக்கம் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். அதே செய்தியை எழுத்தில் மட்டும் அனுப்பியிருந்தால் அவர்கள் வந்திருக்கவே மாட்டார்கள்.

வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன்தான். அதுவும் கோவைக்கு வேலைக்குப் போகும் கணவர் கையில் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்குத்தான் செய்தியைப் பார்க்கிறோம். என்ன செய்வது?

வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாக அன்றாடம் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் வேலைக்குப் போய்வரும் குடும்பங்களில் இதுதான் நிலை. உங்கள் பள்ளிப் பதிவேட்டில் இரண்டு எண்கள் இருக்கட்டும். ஒன்று வாட்ஸ்அப் உள்ள எண். மற்றொன்று பகலில் யாராவது எடுக்கும் எண், சாதாரண பட்டன் போனாக இருந்தாலும் போதும், பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருந்தாலும் அவர் சம்மதத்தோடு கொடுக்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தாலோ அடிபட்டாலோ நாங்கள் தேடுவது இரண்டாவது எண்ணைத்தான். சிம் மாற்றினால் அன்றே தெரிவியுங்கள். பதிவேட்டில் உள்ள எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொல்லும்போது, கையில் காய்ச்சல் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கும் ஆசிரியருக்கு வேறு வழியே இருப்பதில்லை.

பள்ளித் தரப்பிலும் ஒரு கட்டுப்பாடு தேவை. அடுத்த நாள் செய்ய வேண்டிய காரியத்தை முந்தின நாள் மாலையில் குழுவில் போடுவது வீண். குறைந்தது மூன்று நாள் முன்னதாக வர வேண்டும்; பணம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் ஒரு வாரம். வாரக் கூலி சனிக்கிழமை கைக்கு வரும் வீட்டில், புதன்கிழமை கேட்டு வியாழக்கிழமை கட்டச் சொல்வதில் பொருளில்லை.

மழை விடுமுறை விஷயத்தில் ஒவ்வோர் ஆண்டும் குழப்பம் வருகிறதே?

நம் வீடுகளில் ஓடுவது தமிழ்ச் செய்தி. கோவை மாவட்டத்துக்கு விடுமுறை என்று அதில் வந்ததும் பிள்ளையை நிறுத்திவிடுகிறோம். நம் பள்ளிகளுக்குப் பொருந்துவது பாலக்காடு மாவட்ட கலெக்டரின் அறிவிப்பு மட்டுமே. ஒரே மழை இரண்டு மாவட்டங்களிலும் பெய்தாலும், இரண்டு கலெக்டர்களும் ஒரே முடிவை எடுக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கலெக்டரின் அறிவிப்பு வந்தவுடன் பள்ளிக் குழுவில் போடுவோம். அதில் வராதவரை பள்ளி உண்டு என்றே கொள்ளுங்கள்.

பண்டிகைகளிலும் இதே சிக்கல். பொங்கலன்று பாலக்காடு, இடுக்கி உள்ளிட்ட ஆறு மாவட்டங்களுக்குக் கேரள அரசு உள்ளூர் விடுமுறை தருகிறது. மாட்டுப் பொங்கலுக்கும் காணும் பொங்கலுக்கும் இங்கே விடுமுறை கிடையாது. ஜனவரியின் நடுவில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் முடியும் நேரம் என்பதால், ஊருக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் விடுபட்ட பாடத்தைத் திரும்ப நடத்த ஏற்பாடு செய்ய இயலும்.

பள்ளி நேரம் மாறியதை ஏன் சரியாகச் சொல்லவில்லை?

2025-26 கல்வியாண்டில் உயர்நிலை வகுப்புகளுக்கு, வெள்ளி தவிர்த்த நாட்களில், அரை மணி நேரம் கூட்டப்பட்டது. கால் மணி நேரம் காலையிலும் கால் மணி நேரம் மாலையிலும் என்று கேட்கச் சிறியதாகத் தெரியும். மாலை நேரம் கால் மணி தள்ளிப்போனால், உள்ளூர்ச் சாலைகளில் ஓடும் பேருந்தைப் பிள்ளை தவறவிட்டு அடுத்த பேருந்துக்கு இருட்டும் வரை நிற்க நேரும் என்பது, அந்தச் சாலையில் வசிப்பவருக்கு மட்டுமே தெரியும். நேர மாற்றம் வரும்போது பெற்றோரிடம் சொல்வது மட்டும் போதாது, பேருந்து நேரத்தைப் பெற்றோரிடம் கேட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பி.டி.ஏ., கிளாஸ் பி.டி.ஏ., எஸ்.எம்.சி. என்று பல பெயர்கள் சொல்கிறார்கள். எதற்கு நான் வர வேண்டும்?

பி.டி.ஏ. என்பது பெற்றோர் ஆசிரியர் கழகம். அதில் கிளாஸ் பி.டி.ஏ.வுக்குக் கட்டாயம் வாருங்கள். அது உங்கள் பிள்ளையின் வகுப்புக்கு மட்டும் நடக்கும் கூட்டம். ஓணத் தேர்வு, கிறிஸ்துமஸ் தேர்வு ஆகியவற்றுக்குப் பிறகு விடைத்தாளைக் காட்டிப் பேசுவது அங்கேதான். பி.டி.ஏ. பொதுக்குழு பள்ளி முழுவதற்குமானது. எஸ்.எம்.சி. என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். தமிழ்வழிப் பிரிவின் பெற்றோர் ஒருவராவது இந்தக் குழுவில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றறிக்கை எந்த மொழியில் வர வேண்டும் என்பதை ஆண்டு முழுவதும் ஆசிரியரிடம் கெஞ்சுவதைவிட, குழுவில் ஒருமுறை தீர்மானமாகப் பதிய வைப்பது பலன் தரும்.

கூட்டத்துக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகிறது. வராவிட்டால் அக்கறை இல்லாத பெற்றோர் என்கிறார்கள்.

அப்படிச் சொல்வது தவறு. தென்னந்தோப்பிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்கிறவர் பகல் இரண்டு மணிக் கூட்டத்துக்கு வந்தால், அந்த நாளின் கூலியை இழந்துதான் வருகிறார். கூட்டத்தை வைக்கும் நேரத்தைப் பள்ளிதான் மாற்றிப் பார்க்க வேண்டும்: வேலைக்குப் போகுமுன் காலை எட்டரைக்கு, அல்லது வேலை முடிந்து மாலை ஐந்தரைக்கு. எல்லாரையும் ஒரே நேரத்தில் கூட்டி மூன்று மணி நேரம் உட்கார வைப்பதற்குப் பதிலாக, ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று நேரம் குறித்துக் கொடுக்கலாம். இரண்டும் முடியாதவரிடம் போனில் பேசலாம். தாத்தாவோ சித்தியோ வந்தால் அவர்களிடமும் பேசலாம். வீட்டில் பிள்ளையைக் கவனிப்பவர் யார் என்பதே எங்களுக்கு முக்கியம்.

நீங்கள் வந்து உட்கார்ந்தபின் ஆசிரியர் மலையாளத்தில் பேசினால், கையை உயர்த்தித் தமிழில் சொல்லும்படி கேளுங்கள். உங்கள் பக்கத்தில் இருப்பவரும் அதையேதான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்.

கிரேடு என்கிறார்கள், சி.இ. என்கிறார்கள். என் மகன் தேறுவானா இல்லையா என்பது எனக்குப் புரியவே இல்லை.

இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் விதி இப்போது மாறிவருகிறது.

கேரள எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் கிரேடு மட்டுமே இருக்கும். 90 விழுக்காடும் அதற்கு மேலும் எடுத்தால் ஏ பிளஸ். அங்கிருந்து பத்துப் பத்தாக ஏ, பி பிளஸ், பி, சி பிளஸ், சி என்று இறங்கி, 30 முதல் 39 வரை டி பிளஸ். ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது டி பிளஸ் இருந்தால்தான் மேற்படிப்புக்குத் தகுதி. டி என்றும் இ என்றும் கீழே இரண்டு கிரேடுகள் உண்டு; டி வாங்கினால் பாஸ் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள், அது பாஸ் அல்ல.

ஒவ்வொரு பாடத்தின் மொத்த மதிப்பெண்ணிலும் ஐந்தில் ஒரு பங்கு, ஆண்டு முழுவதும் பிள்ளை செய்யும் வேலைகளுக்காகப் பள்ளியே தரும் தொடர் மதிப்பீட்டு மதிப்பெண். இதைத்தான் சி.இ. என்கிறோம். கணக்கு, ஆங்கிலம், சமூக அறிவியல் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வுக்கு 80, சி.இ.க்கு 20. இயற்பியல், வேதியியல், உயிரியல் போன்றவற்றில் 40ம் 10ம். சி.இ. மதிப்பெண் தாராளமாகக் கிடைத்துவந்ததால், எழுத்துத் தேர்வில் மிகக் குறைவாக எடுத்தவரும் மொத்தத்தில் 30 விழுக்காட்டைத் தொட்டுவிட முடிந்தது.

இதை மாற்ற, எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக 30 விழுக்காடு எடுக்க வேண்டும் என்ற முறையை 2024-25இல் எட்டாம் வகுப்பில் தொடங்கி, 2025-26இல் ஒன்பதாம் வகுப்புக்கும் 2026-27இல் பத்தாம் வகுப்புக்கும் கொண்டுவருவதாக அரசு முடிவெடுத்தது. அந்தக் கணக்கின்படி 80 மதிப்பெண் தாளில் 24, 40 மதிப்பெண் தாளில் 12. மூத்த பிள்ளை தேறிய அனுபவத்தை வைத்து இளைய பிள்ளையின் நிலையைக் கணிக்க வேண்டாம் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். கிளாஸ் பி.டி.ஏ.வில் மொத்தம் எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், எழுத்துத் தேர்வில் தனியாக எவ்வளவு என்று கேளுங்கள்.

2025 ஏப்ரலில், எட்டாம் வகுப்பில் இந்த அளவை எட்டாதவர்களுக்குத் தனி வகுப்புகளும் மறுதேர்வும் நடந்தன. மார்ச் முடிந்தவுடன் நம் குடும்பங்களில் பாதிப் பேர் உறவினர் வீட்டுக்குத் திருப்பூர், உடுமலை என்று கிளம்பிவிடுவார்கள். கடைசித் தேர்வன்று, ஏப்ரலில் பிள்ளை வர வேண்டியிருக்குமா என்று கிளாஸ் டீச்சரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். போகும் ஊரில் எடுக்கும் போன் எண்ணையும் விட்டுச் செல்லுங்கள்.

பத்தாம் வகுப்பில் பெயரைச் சரிபார்க்கப் பெற்றோரை நேரில் வரச் சொல்கிறார்கள். அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். வேறு எந்தக் கூட்டத்துக்கு வர முடியாவிட்டாலும் இதற்கு வாருங்கள். சம்பூர்ணா என்ற பள்ளி மென்பொருளில் உள்ள விவரங்களிலிருந்து தேர்வு எழுதுவோர் பட்டியல் உருவாகிறது. பள்ளிகளில் ஏ-லிஸ்ட் என்பார்கள். அதில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும்தான் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் அச்சாகும். பாஸ்போர்ட் முதல் வேலை வரை பிறகு கேட்கப்படுவது அந்தச் சான்றிதழ்தான்.

எல்லையோரத்தில் தவறு பெரும்பாலும் இன்ஷியலில் வருகிறது. பிறப்புச் சான்றிதழில் எம். கவிதா என்று தமிழ்நாட்டு வழக்கப்படி இருக்கும். ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது இங்குள்ள வழக்கப்படி கவிதா எம். என்று எழுதியிருப்பார்கள், ஆதாரில் கவிதா முருகேசன் என்று தந்தை பெயர் முழுதாக இருக்கும். மூன்றும் ஒரே பிள்ளைதான் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. வரும்போது பிறப்புச் சான்றிதழ், ஆதார் இரண்டையும் கொண்டுவந்து பட்டியலின் பக்கத்தில் வைத்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றையும் அப்படியே. சான்றிதழ் அச்சாகும் முன் பள்ளி அளவிலேயே திருத்திவிடலாம். அச்சான பிறகு ஆவணங்களோடு அரசுத் தேர்வு அலுவலகமான பரீட்சா பவனுக்கு விண்ணப்பித்து அலைய வேண்டியிருக்கும்.

தேர்வு முடிவு வந்த பிறகு என்ன நடக்கும் என்பதை முன்பே சொல்லலாமே?

சொல்ல வேண்டும், மார்ச் மாதத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். முடிவு வெளிவந்ததும் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கச் சில நாட்களே கிடைக்கும். மூன்று பாடங்கள் வரை தகுதி பெறாதவர்கள் சே எனப்படும் துணைத் தேர்வை அதே ஆண்டில் எழுதலாம். ஓர் ஆண்டு வீணாக வேண்டியதில்லை. இந்த ஒரு செய்தி சரியான நேரத்தில் வீட்டுக்குப் போகாததால், முடிவு வந்த வாரமே பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

பிளஸ் ஒன் சேர்க்கை, ஏகஜாலகம் என்று இங்கே எல்லாரும் சொல்லும் ஒற்றைச் சாளர முறையில், இணையவழியாக நடக்கிறது. முதலில் டிரையல் அலாட்மென்ட், அதாவது மாதிரி இட ஒதுக்கீடு, வரும். விண்ணப்பத்தில் பிழை இருந்தால் திருத்தவும், பள்ளிகளின் வரிசையை மாற்றவும் அப்போது வாய்ப்பு உண்டு. அடுத்து வரும் அலாட்மென்டில் இடம் கிடைத்தால், குறித்த தேதிக்குள் அந்தப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். முதல் விருப்பம் கிடைக்காதவர் தற்காலிகமாகச் சேர்ந்துகொண்டு அடுத்த அலாட்மென்டுக்குக் காத்திருக்கலாம். சேராமலே விட்டவரை அடுத்த அலாட்மென்டுகளில் கருதமாட்டார்கள். பொள்ளாச்சியிலோ கோவையிலோ சேர்க்க நினைப்பவர்கள், அங்கே இடம் உறுதியாகும் முன் இங்கிருந்து டி.சி. வாங்கிவிட வேண்டாம்.

உதவித்தொகை பற்றி யாரும் சொல்வதில்லையே?

எட்டாம் வகுப்பில் நடக்கும் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும், பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாத பிள்ளைகளுக்கு, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். வருமானச் சான்றிதழும் பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கும் தேவைப்படுவதால், கடைசி வாரத்தில் கிராம அலுவலகத்துக்கு ஓடாமல் முன்பே வாங்கி வையுங்கள்.

நாங்கள் பள்ளிக்குச் சொல்ல வேண்டியவை என்னென்ன?

பிள்ளைக்கு வலிப்பு, மூச்சிரைப்பு, ஒவ்வாமை, பார்வைக் குறைவு இருந்தால் சொல்லுங்கள். வீட்டில் இழப்பு நேர்ந்தாலோ, பெற்றோரில் ஒருவர் வெளியூர் போய்விட்டாலோ, முழு விவரம் வேண்டாம், வீட்டில் கஷ்டம் என்று ஒரு வரி சொன்னால் போதும். வீட்டுப்பாடம் எழுதாததற்காக அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்தாமல் இருப்போம். வராத நாளில் காலையிலேயே தெரிவியுங்கள். சொல்லாமல் ஒரு பிள்ளை வராதிருந்தால் முதல் பாட வேளைக்குள் வீட்டுக்குப் போன் செய்வதைப் பள்ளி வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பிய பிள்ளை பள்ளிக்கு வந்து சேரவில்லை என்பது மாலையில் தெரியவரக் கூடாது.

பிள்ளையை அடித்தாலோ, தகாத முறையில் நடந்துகொண்டாலோ, பள்ளி எங்களிடம் மறைத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மறைக்கச் சட்டம் இடம் தரவில்லை. உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது பள்ளியின் கடமை. தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். பள்ளிக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். பிள்ளையின் பெயர் எந்தக் குழுவிலும் எந்தப் பேச்சிலும் வெளிவராமல் காப்பது பெற்றோருக்கும் பள்ளிக்கும் உள்ள பொறுப்பு.

மதிப்பெண் பட்டியலையும் படங்களையும் குழுவில் போடுகிறார்களே?

எல்லாருடைய மதிப்பெண்ணையும் ஒரே பட்டியலாகக் குழுவில் போடுவதை நான் ஏற்கவில்லை. ஒரு பிள்ளையின் மதிப்பெண் அந்த வீட்டுக்கு மட்டும் உரியது. உங்கள் பள்ளியில் அப்படி நடந்தால், தனியாக அனுப்பும்படி தலைமையாசிரியரிடம் கேளுங்கள். கலோத்சவம் என்ற பள்ளிக் கலைவிழாவில் தமிழ்ப் பேச்சுக்குப் பரிசு வாங்கிய படத்தைப் போடுவது வேறு. அதற்கும் முன்கூட்டியே பெற்றோரின் சம்மதம் வாங்குவதே முறை.

எத்தனை முறை கேட்டும் பள்ளி பதில் சொல்லவில்லை என்றால்?

முதலில் கிளாஸ் டீச்சர், அடுத்து தலைமையாசிரியர். வாய்வழியாகக் கேட்டுப் பதில் வராவிட்டால் தமிழில் ஒரு கடிதம் எழுதி, இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகத் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். அதன்பிறகும் அசையாவிட்டால், உயர்நிலைப் பள்ளிகளுக்கு மேலே இருப்பவர் மாவட்டக் கல்வி அலுவலர், அதாவது டி.இ.ஓ. அவருக்கும் தமிழில் எழுதலாம். குறிப்பிட்ட ஓர் ஆவணமோ தகவலோ வேண்டுமென்றால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு, அட்மிஷன் எண். என்ன கேட்டீர்கள், எந்தத் தேதியில், யாரிடம். இப்போது என்ன வேண்டும். பகலில் எடுக்கும் போன் எண். எழுத வராதவர்கள் எஸ்.எம்.சி.யில் இருக்கும் பெற்றோர் உறுப்பினரிடம் சொல்லி எழுதி வாங்கி, படிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள்.